எழுபத்தாறு எழுத்துக் கட்டம்

அந்தத் திரையில் ஒரு வரிக்கு எண்பது எழுத்துதான் பிடிக்கும். எண்பத்தொன்றாவது எழுத்து கீழே இறங்கி அடுத்த வரியில் போய் உட்கார்ந்துகொள்ளும். நீளமான வரிகள் நாற்பது ஐம்பது சேர்ந்து வந்துவிட்டால் எது எங்கே தொடங்குகிறது, எது எங்கே முடிகிறது என்றே தெரியாது. பார்த்தாலே எரிச்சல் வரும். எனக்கு அந்த வயதில் எரிச்சல் சீக்கிரம் வரும். இப்போதும் அப்படித்தான், அப்போது அதை ஒரு திறமை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம். மேற்குத் தாம்பரத்தில் மார்க்கெட்டுக்குப் போகும் தெருவில், ஒரு பாத்திரக் கடைக்கு மேல் மாடியில் எங்கள் கம்ப்யூட்டர் சென்டர் இருந்தது. ஒரு பெரிய பெட்டி, அதிலிருந்து ஒயர் இழுத்து நான்கு திரைகள். கறுப்புப் பின்னணி, பச்சை எழுத்து. மவுஸ் கிடையாது, படம் கிடையாது. கட்டளையைத் தட்டினால் பதில் எழுத்தாக வரும், அவ்வளவுதான். கீழே பாத்திரம் தட்டிப் பார்க்கும் சத்தம் நாள் முழுக்கக் கேட்கும்.

புறநகரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி. பெயர் வேண்டாம். அதன் அட்மிஷன் ரிஜிஸ்டரை இரண்டு நாளுக்கு ஒருமுறை டைப் அடித்து ஏற்றுவது எங்கள் வேலை. ஒரு நோயாளிக்கு ஒரு வரி: எண், தேதி, வார்டு, பெயர், வயது, ஊர், கடைசியில் குறிப்பு. குறிப்பில் நர்ஸ் என்ன எழுதியிருந்தாலும் அதை அப்படியே ஆங்கிலப் பெரிய எழுத்தில் அடிக்க வேண்டும். சில குறிப்புகள் ஒரு சொல்லில் முடிந்துவிடும், சில கடிதம் மாதிரி நீளும்.

ஏற்றிய கோப்பில் யாரையாவது தேட வேண்டுமென்றால் கிரெப் என்று ஒரு கட்டளை. ஒரு சொல்லைக் கொடுத்தால் அந்தச் சொல் இருக்கும் வரிகளை மட்டும் பொறுக்கி எடுத்துத் திரையில் கொட்டும். பெயருக்குள் இருக்கிறதா, ஊருக்குள் இருக்கிறதா, குறிப்புக்குள் இருக்கிறதா என்றெல்லாம் அதற்குக் கவலையில்லை. எழுத்து பொருந்தினால் போதும்.

ஒருநாள் ஆஸ்பத்திரியிலிருந்து ஓர் அதிகாரி பார்வையிட வந்தார். சென்டர் நடத்திய சார் பெருமையாக ஒரு பெயரைத் தேடிக் காட்டினார். வரிகள் மடங்கி மடங்கி ஒன்றின் மேல் ஒன்றாக விழுந்தன.

"என்ன சார் இது, கோழி கிளறின மாதிரி இருக்கு" என்றார் அதிகாரி.

சார் என்னைத் திரும்பிப் பார்த்தார். எனக்குச் சுருக்கென்றது. அன்று சாயங்காலத்துக்குள் ஒரு சின்ன புரோகிராம் எழுதிவிட்டேன். தேடிக் கிடைத்த வரிகளைச் சுற்றி ஒரு கட்டம் வரையும். மூலைக்குப் பிளஸ், மேலும் கீழும் மைனஸ் மைனஸாக ஒரு கோடு, இரண்டு பக்கமும் நேர்க்கோடு. தலைமாட்டில் தேடிய சொல், கால்மாட்டில் கிடைத்த வரிகளின் எண்ணிக்கை. இரண்டு கோட்டுக்கும் அவற்றை ஒட்டிய இடைவெளிக்கும் நான்கு எழுத்து போக, உள்ளே எழுபத்தாறு எழுத்துக்கு இடம். வரி அதற்கு மேல் நீண்டால் வெட்டு. வெட்டாவிட்டால் வலதுபக்கக் கோடு நேராக நிற்காதே.

"வெட்டுப்பட்டுப் போறது என்னம்மா?" என்று சார் கேட்டார்.

"குறிப்புதான் சார். அதை யாரு படிக்கப்போறாங்க" என்றேன்.

அந்தப் புரோகிராமுக்குக் கட்டம் என்றே பெயர் வைத்தேன். ஆபீஸில் யாரும் தேடிப் பாரு என்று சொல்வதையே விட்டுவிட்டார்கள். கட்டம் போட்டுப் பாரு என்பார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு உள்ளூர ஒரு குளிர்ச்சி.

அப்பா ரயில்வேயில் பார்சல் ஆபீஸ் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். கிழக்குத் தாம்பரத்தைத் தாண்டி, சேலையூரில் எங்கள் வீடு. ஒருநாள் நான் மறந்துவிட்டுப் போன டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு, ஸ்டேஷன் படிகளில் ஏறி இறங்கி மாடிக்கு வந்துவிட்டார். வந்தவருக்குக் கட்டம் போட்டுக் காட்டினேன். முப்பது வருடம் ரூல்தடியை வைத்து லெட்ஜரில் கோடு போட்டவர். திரையில் கோடு தானாக வந்து நிற்பதை வாயைத் திறந்து பார்த்தார்.

"ஆஸ்பத்திரிக்கு வர்றவங்க பேரெல்லாம் உன்கிட்ட வந்துருமா பாப்பா?"

"வந்துரும்பா."

"யார் அட்மிட் ஆனாலும்?"

"யார் ஆனாலும்."

தெருவில் ஒரு வீடு பாக்கியில்லாமல் சொல்லி முடித்தார். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, வேண்டியும் இருந்தது.

அதற்கு அடுத்த வருடம் அவருக்கு மறதி வந்தது. முதலில் சாவி, கண்ணாடி, பால் வாங்கிவிட்டோமா என்பது. பிறகு ஓய்வு பெற்றதே மறந்துபோனது. காலையில் குளித்து, சட்டையை மடித்து உள்ளே விட்டு, "ட்யூட்டிக்கு நேரமாச்சு" என்று செருப்பைத் தேடுவார். ஓய்வு பெற்று நான்கு வருடமாகிறது என்று அம்மா சொன்னால் அப்படியா என்று ஆச்சரியப்பட்டு உட்கார்ந்துவிடுவார். சர்க்கரை வேறு இருந்தது. இதற்கு நடுவிலும் தலைக்கு டை அடிப்பதை மட்டும் மறக்கவில்லை. மாதம் இரண்டு முறை தேங்காய் ஓட்டில் குழைத்து, கண்ணாடி முன்னால் நின்று, சுத்தமாக அடித்துக்கொள்வார்.

ஒரு வியாழக்கிழமை காலையில், அம்மா தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு போயிருந்த நேரத்தில், கேட்டைத் திறந்துகொண்டு போய்விட்டார். நான் அதற்கு முன்பே ஆபீசுக்குக் கிளம்பியிருந்தேன். பழைய ஆபீஸ் பையும் அதற்குள் காலி டிபன் டப்பாவும் காணவில்லை. அம்மா தெருமுனைக் கடையிலிருந்து போன் செய்தபோது அவள் குரலை எனக்கே அடையாளம் தெரியவில்லை.

ஸ்டேஷன் வாசலில் டீக்கடைக்காரரிடம் அடையாளம் சொல்லிக் கேட்டேன்.

"யாரு, பை வச்சிக்கினு, சட்டைய உள்ள வுட்டுக்கினு, அந்தப் பெரியவரா? எட்டு மணிக்கு வந்தாருமா. டீ கூட துன்னாம... குடிக்காம போனாரு, ட்யூட்டிக்கு டைம் ஆச்சுன்னு."

"எந்த வண்டில ஏறினாருண்ணா?"

"நான் இன்னாத்த கண்டேன்? அந்நேரத்துக்கு எம்மாங்கும்பல் கீது. நீ ஏன்மா அழுவுற, வந்துருவாரு."

நான் அழவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எந்த வண்டி என்று கேட்கவே வேண்டியதில்லை என்றும் நினைத்தேன். முப்பது வருடமும் பீச் ஸ்டேஷனுக்குப் போகும் எலெக்ட்ரிக் டிரெயினில் வடக்கே போனவர், வேறெங்கே போவார்? சானடோரியத்தில் இறங்கித் தேடினேன். குரோம்பேட்டையில் இறங்கித் தேடினேன். பல்லாவரம், மீனம்பாக்கம் என்று ஒவ்வொரு ஸ்டேஷனாக இறங்கி, பிளாட்பாரத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை நடந்து, அடுத்த வண்டியில் ஏறினேன். பழைய பார்சல் ஆபீஸ் வரை போனேன். அங்கே இருந்தவர்களில் பாதிப்பேருக்கு அவரைத் தெரியாது. தெரிந்த ஒருவர் நாற்காலியை இழுத்துப் போட்டார். உட்காரப் பயமாக இருந்தது. உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டேன் என்று தோன்றியது.

போலீஸில் எழுதிக் கொடுத்தோம். வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தையில், மாட்டுக்கும் காய்கறிக்கும் பழைய சாமானுக்கும் நடுவே, வெள்ளைச் சட்டை போட்ட ஒவ்வொரு முதுகையும் போய்த் தொட்டேன். திரும்பிப் பார்த்தவர்களில் ஒருவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு வாழைப்பழத்தை என் கையில் வைத்தார். அதை வைத்துக்கொண்டே சாயங்காலம் வரை அலைந்திருக்கிறேன்.

ஆஸ்பத்திரிகளுக்கும் போனேன். எங்கள் ரிஜிஸ்டர் வரும் அந்தப் பெரிய ஆஸ்பத்திரிக்கும் அன்றே போனேன். விசாரணை ஜன்னலில் இருந்தவர் அப்பாவின் பெயரைக் கேட்டு, விரலை வைத்து இரண்டு பக்கம் பார்த்து, அந்தப் பெயரில் யாருமில்லை என்றார். பெயர் தெரியாதவர்கள் யாராவது இருக்கிறார்களா என்று நான் கேட்டிருக்க வேண்டும். நாக்கு நுனி வரை வந்தது. பெயர் தெரியாதவர் என்று கேட்டால் பின்பக்கம் பிணவறைக் கட்டடத்துக்குப் போய்ப் பார்க்கச் சொல்வார்களோ என்று அதை விழுங்கிக்கொண்டேன். என் அப்பாவுக்குப் பெயர் இருக்கிறது என்று எனக்கே சொல்லிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். எப்படியும் வியாழன் வெள்ளி ரிஜிஸ்டர் சனிக்கிழமை எங்கள் மாடிக்கு வந்துவிடும், வார்டு வார்டாக அலைவதைவிட அதில் நன்றாகப் பார்த்துக்கொள்ளலாம் என்றும் ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை அம்மா அப்பாவின் ஜாதகத்தை எடுத்துக்கொண்டு ஜோசியரிடம் கிளம்பினாள்.

"அந்தக் கட்டத்துல என்னம்மா இருக்கப்போவுது? ஊர்ல இருக்கிற ஆளைத் தேடாம ராசியில தேடறியா?" என்று கத்தினேன்.

"உனக்கு உன் கட்டம், எனக்கு என் கட்டம். நீ போய் உன் கட்டத்தைப் பாரு" என்றாள் அம்மா. மூன்று நாளாக அவளும் சாப்பிடவில்லை.

போனேன். சனிக்கிழமைகளில் பகுதிநேரமாக வரும் இரண்டு பெண்கள் வியாழன் வெள்ளித் தாள்களை அடித்து முடித்திருந்தார்கள். அவர்களுக்கு என்னையும் சரியாகத் தெரியாது, அப்பா காணாமல் போனதும் தெரியாது. டைப் அடிக்கிறவர்கள் அடிப்பதைப் படிப்பதில்லை, நானும் படித்ததில்லை. என் இடத்தில் உட்கார்ந்து அப்பாவின் பெயரைக் கொடுத்துக் கட்டம் போட்டேன்.

அப்பாவின் பெயர் சின்னப் பெயர். தமிழில் இரண்டே எழுத்து, ஆங்கிலத்தில் நான்கு. அந்த நான்கு எழுத்து இந்தப் பக்கத்தில் ஆண்களில் பத்தில் ஒருவருடைய பெயருக்குள் எங்காவது ஒளிந்திருக்கும். பெண்கள் பெயரிலும் இருக்கும். போதாததற்குத் தாம்பரத்துக்கு மேற்கே ஓர் ஊரின் பெயரே அதில்தான் தொடங்குகிறது. அந்த வாரத்துக்கு அறுபத்தொரு வரி வந்தது. திரை நிறைந்து, மேலே ஓடி, மறுபடி நிறைந்தது. கோடு நேராக, அழகாக நின்றது.

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் பார்த்தேன். இனிஷியல் சரியாக இருந்தால் வயது முப்பது. வயது சரியாக இருந்தால் ஊர் வேறு. ஒரு வரியில் எனக்கு அப்பாவின் பெயரே கண்ணில் படவில்லை. ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் சொன்னால் இப்படி: ஆண்கள் அறுவைச் சிகிச்சை வார்டு, பெயர் தெரியாத ஆண், வயது ஐம்பது இருக்கலாம், கூடுவாஞ்சேரி, இடது பா. அத்தோடு வலதுபக்கக் கோடு வந்துவிட்டது.

அதை நான் கவனிக்காமல் தாண்டவில்லை. அப்படித் தாண்டியிருந்தால்கூட என்னை மன்னித்துக்கொண்டிருப்பேன். நின்று பார்த்தேன். பெயர் இல்லாத வரி ஏன் வந்திருக்கிறது என்று யோசித்தேன். வெட்டுப்பட்ட இடத்தில் அந்த மேற்கத்தி ஊரின் பெயர் இருக்கும், அந்த ஊர் சுகாதார நிலையத்திலிருந்து அனுப்பியிருப்பார்கள் என்று முடிவு செய்தேன். அப்படி வந்த வரிகள் அந்தக் கட்டத்திலேயே ஏழெட்டு இருந்தன. வயது ஐம்பது என்கிறது, அப்பாவுக்கு அறுபத்திரண்டு. கூடுவாஞ்சேரி என்கிறது, அப்பா தெற்கே போகிறவரே இல்லை. அவ்வளவு சாமர்த்தியமாக யோசித்தேன். யோசித்துவிட்டு அடுத்த வரிக்குப் போனேன்.

அப்போது மணி மூன்று. சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தது நினைவிருக்கிறது.

வீட்டுக்குப் போனதும் அம்மா, "தெற்கே இருக்காராம்டி. உசுருக்குப் பயமில்லையாம்" என்றாள்.

"நாலு திசையில ஒண்ணைச் சொன்னா நாலுல ஒண்ணு பலிக்கும்" என்றேன்.

"உன் கட்டம் என்ன சொல்லிச்சு?"

"இல்லைன்னு சொல்லிச்சு."

ஞாயிற்றுக்கிழமை ரயில்வே போலீஸிலிருந்து ஆள் வந்தார். மீனம்பாக்கத்துக்கும் பழவந்தாங்கலுக்கும் நடுவே தண்டவாளத்தில் ஒருவர் அடிபட்டிருக்கிறார், வந்து பார்க்க வேண்டும் என்றார். அம்மாவை விட்டுவிட்டு நான் மட்டும் போனேன். துணியை விலக்கினார்கள். அப்பா இல்லை. வேறு யாரோ, அப்பா வயதுதான், விரலில் ஒரு வெள்ளி மோதிரம். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம் வந்தது. தெருவில் வந்து நின்று சிரித்துவிட்டேன். அந்த மோதிரக்காரருக்கும் எங்கோ ஒரு வீட்டில் யாராவது சந்தை சந்தையாகத் தேடிக்கொண்டிருப்பார்கள் என்பது பஸ்ஸில் ஏறிய பிறகுதான் உறைத்தது. பல்லாவரம் வரை ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதேன். இனி உயிரோடு கிடைக்க மாட்டார் என்று அந்தப் பஸ்ஸில்தான் முதல்முறையாக நினைத்தேன். நினைத்துவிட்ட பிறகு அதை விரட்ட முடியவில்லை.

திங்கட்கிழமை ஆபீசுக்குப் போனதற்குக் காரணம் எதுவுமில்லை. வீட்டில் அம்மாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை, அதுதான் காரணம். என் திரையில் வேறு ஒருவர் உட்கார்ந்து அவசரமாக எதையோ அடித்துக்கொண்டிருந்தார். சார் தன்னுடைய இடத்தைக் காட்டி, "இதுல உக்காரும்மா" என்றார். அவர் பெயரில் திறந்திருந்த திரை. ஒன்றும் தோன்றாமல் மறுபடி அப்பாவின் பெயரைக் கொடுத்துக் கட்டம் போட்டேன். அப்படி ஒன்று இல்லை என்று திரை சொன்னது. கட்டத்தை நான் என்னுடைய கணக்கில்தான் வைத்திருந்தேன். சாருடைய கணக்கிலிருந்து கூப்பிட்டால் அது வராது. எழுந்து போய்க் கேட்டு வாங்கும் தெம்பு இல்லை. வெறும் கிரெப்பைத் தட்டினேன்.

கோடு இல்லை, வெட்டு இல்லை. வரிகள் மடங்கி மடங்கி, கோழி கிளறின மாதிரி கொட்டின. கடைசித் திரையில் வந்து நின்றபோது நடுவில் ஒரு வரி மூன்று வரியாக மடங்கியிருந்தது. இடது பாதத்தில் காயம். சர்க்கரை அதிகம். தன் பெயர் இன்னதென்று சொல்கிறார். அங்கே, மடங்கி விழுந்த இரண்டாவது வரியில், இனிஷியலோடு அப்பாவின் பெயர். பார்சல் ஆபீஸ் என்ற சொல் வரைக்கும் படித்தேன். நாற்காலி பின்னால் விழுந்த சத்தம் கேட்டது. சார் ஏதோ கேட்டார். செருப்பைப் போட்டுக்கொள்ளவில்லை என்பது ஆட்டோவில் ஏறிய பிறகுதான் தெரிந்தது.

வார்டில் வாசலிலிருந்து ஆறாவது கட்டில். அப்பாவின் தலை கறுப்பாக, நான்கு நாள் தாடி மட்டும் வெள்ளையாக இருந்தது. என்னைப் பார்த்ததும், "ஏன் பாப்பா இவ்வளவு நேரம்?" என்றார். காலைத் துணியால் மூடியிருந்தார்கள். அந்தத் துணியைத் தாண்டி வந்த வாடையில் எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

என்ன நடந்தது என்று நர்ஸ் அக்கா சொன்னார். தாம்பரத்தில் செங்கல்பட்டு வண்டியில் ஏறியிருக்கிறார். கூடுவாஞ்சேரியில் பீச் வந்துவிட்டது என்று இறங்கியவர் பாதத்தில் சாமான் தள்ளும் வண்டியின் இரும்புச் சக்கரம் ஏறியிருக்கிறது. மயக்கமாக வந்தவர் அன்று சாயங்காலம்தான் பேசினாராம்.

"பேரு சொன்னாரும்மா. ஆனா கூடவே ட்யூட்டிக்கு லேட்டாவுது, பார்சல் எல்லாம் நிக்குதுன்னு என்னென்னமோ சொன்னாரு. அதை நம்பி எப்படி பேரு இருக்கிற இடத்துல எழுதறது? அவரு விடல. எழுது எழுதுன்னு ஒரே பிடிவாதம். சரின்னு குறிப்புல எழுதினேன்."

ஏன் அவ்வளவு பிடிவாதம் என்று அப்போது நான் கேட்கவில்லை.

டாக்டர் சின்ன வயசுக்காரர். என்னைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கலாம். சர்க்கரை எத்தனை வருடமாக, என்ன மாத்திரை, எவ்வளவு என்று கேட்டார். சொன்னேன். இதைச் சொல்லவும் கையெழுத்துப் போடவும் ஆளில்லாமல்தான் இத்தனை நாள் தடுமாறிவிட்டோம் என்றார். பிறகு துணியை விலக்கிக் காட்டினார். கறுப்பு கணுக்காலைத் தாண்டியிருந்தது.

"முழங்காலுக்குக் கீழே எடுத்தாகணும். இன்னைக்கே. சனிக்கிழமை வந்திருந்தீங்கன்னா ரெண்டு விரலோட போயிருக்கும்மா."

அவர் குத்திக்காட்டவில்லை. தகவலாகத்தான் சொன்னார். சனிக்கிழமை மணி மூன்றுக்கு நான் அவரைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன் என்று சொல்ல வாய் வந்தது. யாரிடம் சொல்வது, சொல்லி என்ன ஆகப்போகிறது.

சம்மதப் படிவத்தை நீட்டினார்கள். கீழே உறவினர் கையெழுத்து என்று ஒரு சின்னக் கட்டம் அச்சடித்திருந்தது. நான் போட்ட முதல் எழுத்தே கோட்டைத் தாண்டியது. முதல் எழுத்து என்பது அப்பாதான். என் பெயருக்கு முன்னால் அவர் ஒற்றை எழுத்தாக நிற்கிறார்.

"கட்டத்துக்குள்ள போடும்மா, வெளியில போனா ஒத்துக்க மாட்டாங்க" என்றார் நர்ஸ் அக்கா, வேறொரு படிவத்தை எடுத்துக் கொடுத்து.

கட்டத்துக்குள் போட்டேன்.

அறுவை முடிந்து, அம்மாவும் நானும் மாறி மாறி இருந்து, பன்னிரண்டு நாள் கழித்து ஆபீசுக்குப் போனேன். கீழே பாத்திரச் சத்தம் அப்படியே இருந்தது. சார் ஒரு டீ வாங்கி வந்து வைத்தார். என் திரையில் உட்கார்ந்து, கட்டம் இல்லாமல், அந்த வரியை மட்டும் வரவழைத்தேன். அன்று எழுந்து ஓடிய இடத்துக்குப் பிறகு இன்னும் கொஞ்சம் பாக்கி இருந்தது. அதைப் படிக்கத்தான் அவ்வளவு நாளும் பயந்துகொண்டிருந்தேன் என்று இப்போது தோன்றுகிறது.

பார்சல் ஆபீஸில் வேலை என்கிறார். மகள் இதைக் கம்ப்யூட்டரில் பார்ப்பாள், பார்த்ததும் வருவாள் என்கிறார். மனநிலை தெளிவாக இல்லை.

நர்ஸ் கேட்டதைக் கேட்டபடி எழுதியிருந்தார். யாரோ ஒரு பெண் எழுதியதை எழுதியபடி அடித்திருந்தாள். எழுத்துப் பிழை கூட இல்லை. ஓய்வு பெற்றது மறந்து, திசை மறந்து, வயது மறந்து கிடந்த மனிதர் அதை மட்டும் சரியாக நினைவு வைத்திருந்திருக்கிறார். யார் அட்மிட் ஆனாலும் உன்கிட்ட வந்துருமா என்று கேட்டது, வந்துரும்பா என்று நான் சொன்னது. பிடிவாதம் பிடித்து எனக்கு எழுதி அனுப்பியிருக்கிறார். என் கோட்டுக்கு அந்தப் பக்கம் அது மூன்று நாள் கிடந்தது.

அன்றைக்கே கட்டத்தை அழித்தேன். ஒரு வாரம் கழித்து சார், "அந்தக் கட்டம் எங்கம்மா போச்சு? அதிகாரி வர்றார்" என்றார். தெரியாமல் அழித்துவிட்டேன், திரும்ப எழுத வரவில்லை என்றேன். அரை மணி நேர வேலை என்பது அவருக்கும் தெரியும். விட்டுவிட்டார்.

அதற்குப் பிறகு அப்பா ஏழு வருடம் இருந்தார். மறதி ஏறிக்கொண்டே போனது. கால் இல்லை என்பதே பல காலையில் மறந்து, கட்டிலிலிருந்து இறங்கப் பார்த்து விழுவார். ஒவ்வொரு முறையும் புதிதாகத் தெரிந்துகொண்டு, புதிதாக அழுவார். அதைவிடக் கொடுமையை நான் பார்த்ததில்லை. ஆனால் ஒரு கதை மட்டும் அவருக்கு மறக்கவே இல்லை. யார் வீட்டுக்கு வந்தாலும், கேஸ் சிலிண்டர் போட வருகிறவர் முதற்கொண்டு, பக்கத்தில் உட்காரச் சொல்லிவிட்டு ஆரம்பித்துவிடுவார்.

"ஆஸ்பத்திரியில அத்தனை பேருக்கும் நான் பைத்தியக்காரன். நான் சொன்னேன், என் பேரை மட்டும் எழுதுங்க, எம்பொண்ணு கம்ப்யூட்டர்ல பார்த்துட்டு ஓடி வந்துருவான்னு. ஒருத்தரும் நம்பல. வந்தாளா இல்லையா, நீங்களே கேளுங்க."

வந்தவர்கள் என் பக்கம் திரும்புவார்கள். காபி டம்ளரை வைத்துவிட்டு, வந்தேன் என்று தலையாட்டுவேன்.